கத்திரி வெயிலில் ஏழு டப்பாக்கள்

மே 3

எளிதில் தீப்பிடிக்கும் ஒரு பொருளை வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டு, அடுத்த அறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த கணவரிடம் ஏன் சொல்லவில்லை? ஒரு மணி நேரமாக யோசிக்கிறேன். பதில் தெரியவில்லை. வகுப்பில் மாணவிகள் இப்படி விழித்தால் "தெரியவில்லை என்று எழுது, மழுப்பாதே" என்பேன். ஆகவே எழுதுகிறேன்: தெரியவில்லை.

நடந்ததை எழுதலாம். அருளானந்தம் சார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஈரோட்டில் ஒரு வாடகை மாடியில் பழைய படங்களைச் சேகரித்துப் பாதுகாக்கும் அறக்கட்டளை நடத்துகிறார். நான் வேதியியல் ஆசிரியை என்பதால் சனிக்கிழமைகளில் போய்ப் படச்சுருள்களின் உடல்நிலையைப் பார்த்துச் சொல்வேன். போன வாரம் பவானிப் பக்கத்துக் குடும்பம் ஒன்றிலிருந்து ஒரு தகரப்பெட்டி வந்தது. நூறு வருடத்துக்கு முன்னால் கூடாரக் கொட்டகையில் படம் காட்டிய குடும்பம். பெட்டிக்குள் ஏழு வட்ட டப்பாக்களும் பென்சிலால் எழுதிய ஒரு நோட்டும் இருந்தன. எல்லாம் பேசாத படங்கள். கணவன், மனைவி, அடுப்பு, மாமியார் என்று வீட்டுக்குள்ளேயே நடக்கும் சிறு நகைச்சுவைப் படங்கள். எந்த நாட்டவை என்று தெரியவில்லை. பெயர் வரும் தொடக்க அடிகள் எல்லாவற்றிலும் போய்விட்டன.

ஏழுமே நைட்ரேட் படச்சுருள். பருத்தியை நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்துச் செய்வது, வெடிமருந்துக்குப் பங்காளி. பற்றிக்கொண்டால் மணல் கொட்டினாலும் அணையாது. எரியத் தேவையான ஆக்சிஜனைத் தன்னிடமிருந்தே எடுத்துக்கொள்ளும். நல்ல நிலையில் இருக்கும்வரை சாது. கெடத் தொடங்கிவிட்டால், நாற்பது டிகிரி வெப்பம் சில நாள் தொடர்ந்தாலே போதும், தானாகப் பற்றிக்கொள்ளும்.

"இங்க வெக்க முடியாதுங்க மேடம். கீழ பஞ்சு குடோன்," என்றார் சார். "வடக்க ஒரு குளிர்க் கிடங்குல எடுத்துக்கறேன்னுட்டாங்க. ஆனா அனுமதி வாங்கித் தனி வண்டியில அனுப்போணும். மூணு வாரமாச்சும் ஆகும்."

"அதுவரைக்கும்?"

அவர் மின்விசிறியைப் பார்த்தார். நானாகத்தான் சொன்னேன்: "எங்க வீட்ல பழைய பிரிட்ஜ் ஒண்ணு சும்மா இருக்குதுங்க சார்."

வீட்டுக்கு வந்து சாமான் அறையில் அந்தப் பிரிட்ஜ் பெட்டிக்குள் அடுக்கினேன். டப்பா மூச்சு விட வேண்டும், உள்ளே சேரும் வாயு வெளியேற வேண்டும் என்பதால் மூடிகளைச் சற்றுத் தளர்த்தி வைத்தேன். வீட்டுக்காரர் அறை வாசல்வரை வந்து பார்த்தார்.

"என்னது அது?"

"காலேஜ் லேப் சாமானுங்க. குளிர்ல இருக்கோணும்."

"ம்."

மே 4

கத்திரி தொடக்கம். வெளியே 41 டிகிரி. பெட்டிக்குள் 6. அவர் மோர்மிளகாய்க்கு மொட்டைமாடியில் துணி விரித்துவிட்டார்.

மே 6

காலையில் கத்தரிக்காய் வதக்கல், ரசம். அவர் வங்கிக்குப் போன நேரத்தில் முதல் மூன்று சுருள்களைப் பார்த்தேன். எந்திரத்தில் ஓட்ட முடியாது, ஓரத் துளைகள் சுருங்கியிருக்கின்றன. சூடேறாத சிறு விளக்கின் மேல் வைத்துக் கையால் தள்ளி, லென்ஸ் வழியாக ஒவ்வொரு கட்டமாகப் பார்க்க வேண்டும். முதலாவதில் புதுமணத் தம்பதி கணப்பை மூட்டத் தெரியாமல் வீட்டைப் புகையாக்குகிறார்கள். இரண்டாவதில் குளியல்தொட்டி நிரம்பிக் கீழ்வீட்டில் ஒழுகுகிறது.

மூன்றாவது வேறு மாதிரி. கணவன் பெரிய மீசைக்காரன். அவனுக்கு உயிரான ஒரு பீங்கான் சாடியை மனைவி தூசி தட்டும்போது உடைத்துவிடுகிறாள். அவன் வரும் நேரம். சில்லுகளை அவள் வீடெங்கும் ஒளிக்கிறாள்: ரொட்டிக்குள், பூந்தொட்டியில், அவனுடைய பூட்ஸில், தன் தொப்பிக்குள். அவன் வந்து உட்கார்கிறான்.

அந்த நோட்டு, கொட்டகையில் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொன்ன யாரோ ஒருவருடையது. கணவனுக்குத் துரை என்றும் மனைவிக்குத் துரைசாணி என்றும் பெயர் வைத்திருக்கிறார். "துரைசாணியம்மா சாடியை உடைச்சுப்போட்டா. துரை வர்ற நேரம். இனிமேல் பாருங்க வேடிக்கையை." இன்னோரிடத்தில்: "துரை பூட்ஸுக்குள்ளே காலை விடுறார். துரையைப் பார்க்காதீங்க, அம்மா மூஞ்சியைப் பாருங்க."

பார்த்தேன். அவள் சிரித்துக்கொண்டிருக்கிறாள். பதினொரு கட்டங்களுக்குள் அந்தச் சிரிப்பு வாயில் மட்டும் நின்று கண்ணிலிருந்து இறங்கிவிடுகிறது. ஓடும் படத்தில் அது ஒரு நொடிகூட இருக்காது. நடிப்பு நன்றாக இருக்கிறது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. தனித்தனிக் கட்டமாகப் பார்த்தால் எதுவும் சிரிப்பாக இருக்காது என்று நினைக்கிறேன்.

மே 8

கிருஷ்ணகிரியிலிருந்து அவருடைய அக்கா இரண்டு கூடை மாம்பழம் அனுப்பியிருக்கிறார்.

"நாயகி, அந்தப் பழைய பிரிட்ஜுல எடமிருக்குதா?"

"இல்லீங்க. லேப் சாமான் இன்னும் போகல."

"உங்க காலேஜுக்குச் சொந்தமா ஒரு பிரிட்ஜ் வாங்க வக்கில்லையா?"

"ஒரு வாரத்துல போயிருமுங்க."

"மாம்பழம் ஒரு வாரம் தாங்குமா? நீதான் கெமிஸ்ட்ரி."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நூற்பாலையில் மேலாளராக இருந்தவர்; ஓய்வுபெற்ற இரண்டு வருடத்தில் வேடிக்கைப் பேச்சு கூடியிருக்கிறது.

அவர் ஒருநாளும் கை நீட்டியதில்லை. குரல் உயர்த்தியதுமில்லை. இதை எழுதி வைப்பது நியாயம். பிடிக்காத ஒன்றை நான் அவரைக் கேட்காமல் செய்துவிட்டால் பேச்சை நிறுத்திவிடுவார். துறைத்தலைவர் பொறுப்பை ஒப்புக்கொண்டபோது அறுபத்து நான்கு நாள். மகள் நித்திலாவைப் பெங்களூரில் சேர்க்கக் கையெழுத்துப் போட்டபோது நாற்பத்தொன்று. அந்த நாட்களில் சாப்பாட்டு மேசையில் என் எதிரே உட்கார்ந்துகொண்டு மகளிடம் சொல்வார்: "கொழம்புல உப்பில்லைன்னு உங்கம்மாகிட்டச் சொல்லு." அவள் இரண்டு அடி தள்ளி இருக்கும் என்னிடம் சொல்வாள். எட்டு வயதில் அவளுக்கு அது விளையாட்டு. அவள் வெளியூர் போன பிறகு போனில் நடக்கிறது. போன தீபாவளிக்குப் பெங்களூரிலிருந்து கூப்பிட்டு, "அம்மா, ஹால்ல ஃபேனை நிறுத்தச் சொல்றாரும்மா" என்றாள்.

நாட்களை எண்ணி வைப்பது என் தொழில் பழக்கம். அதற்கு வேறு பொருள் இல்லை.

மே 9

41.5. வண்டி பற்றித் தகவல் இல்லை.

மே 11

பகலில் இரண்டரை மணி நேரம் மின்சாரம் போனது. பெட்டிக்குள் 6 என்பது 13 ஆனது. திறந்து பார்க்கக் கூடாது என்று தெரிந்தும் நான்கு முறை திறந்தேன்.

கீழ்வீட்டில் குடியிருக்கும் ஷமீமா வெக்கை தாங்காமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டில் வந்து உட்கார்ந்திருந்தாள். அவள் கணவன் திருப்பூரில் வேலை; வாரம் ஒருமுறை வருவான். குழந்தைக்கு நான்கு மாதம். சாமான் அறைக்கு நேர் கீழேதான் அவர்கள் படுக்கும் அறை. தூளி தொங்குவது, ஏறக்குறைய, பெட்டி நிற்கும் இடத்துக்குக் கீழே. அளந்து பார்த்தேன், ஒன்றே கால் அடி வித்தியாசம்.

"தூளியை முன்ரூமுக்கு மாத்திக்கோ ஷமீமா. அங்க காத்து வரும்."

"முன்ரூமுல கொக்கி இல்லீங்களே டீச்சரக்கா."

"அடிச்சுக்கலாம்."

"அட, ஒரு ஆணி அடிச்சதுக்கு அண்ணன் போன வருசம் எப்படிப் பாத்தாரு தெரியுமில்ல? ஹவுஸ் ஓனரம்மாவே ஓட்டை போடச் சொல்றீங்க. காலம் கெட்டுப்போச்சு." சிரித்தாள். "இருக்கட்டும்க்கா. இவ அந்த ரூமுலதான் தூங்குவா. மேல உங்க பிரிட்ஜு உம்முன்னு ஓடுமில்ல, அந்தச் சத்தம் கேட்டாத்தான் கண்ண மூடறா."

கொக்கி அடிக்க ஆளைக் கூப்பிட வேண்டுமென்றால் அவரிடம் சொல்ல வேண்டும். எதற்கு என்று கேட்பார்.

மே 13

மணம் வந்துவிட்டது. மூக்கின் உட்பக்கத்தில் குத்தும் அமில மணம். மூன்றாவது டப்பா. சுருளின் ஓரம் தேன் நிறமாகி, விரல் பட்டால் ஒட்டுகிறது. மற்ற ஆறும் நன்றாக இருக்கின்றன.

அருளானந்தம் சாருக்குப் போன் செய்தேன்.

"தண்ணியில போட்டுருங்க மேடம். படம் போனாப் போகுது. தண்ணிக்குள்ள கெடந்தா ஆபத்தில்ல."

"தெரியுமுங்க சார். கடைசி நாப்பது அடி இன்னும் பாக்கல."

"அதுல என்ன இருந்துரப்போகுது? அவன் கண்டுபிடிப்பான், இவ ஓடுவா, ஜனம் சிரிக்கும்." பிறகு குரலை மாற்றிக்கொண்டு கேட்டார்: "உங்க வீட்டுக்காரருக்கு விசயம் தெரியுமில்லீங்க?"

"தெரியுமுங்க."

மே 14

சொல்வதற்கு வாக்கியங்களைத் தயார் செய்தேன். மூன்றே வாக்கியம்: அது லேப் சாமான் அல்ல, அது தீப்பிடிக்கும், நான் சொல்லாதது தவறு. அவர் மாடியில் மிளகாயைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, ஒண்ணு சொல்லோணும்."

"சொல்லு."

அவர் தலை நிமிர்ந்தார். முகத்தில் ஒன்றுமில்லை, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருந்தார், அவ்வளவுதான்.

"மொளகா நல்லாக் காஞ்சிருக்குதுங்க."

"எங்க காஞ்சிருக்குது? இன்னும் நாலு வெயில் போடோணும்."

நாற்பத்தொன்பது வயதில், இருபத்தாறு வருடம் அறுபது பேருக்கு முன்னால் நின்று பேசியவள், மிளகாயைப் பற்றிச் சொல்லிவிட்டு இறங்கி வந்தேன்.

மே 16

மூன்றாவது சுருளை இன்னும் தண்ணீரில் போடவில்லை. காரணம் எழுதுகிறேன்: நகல் இல்லாத படம், முடிவைப் பதிவு செய்யாமல் அழிப்பது முறையல்ல. இது சரியான காரணம்.

இன்று நான்கு அடி பிரிந்துவந்தது. மீசைக்காரன் ரொட்டியைக் கடிக்கிறான். பல்லில் ஏதோ படுகிறது. வாயிலிருந்து எடுத்து விரல்களுக்கு நடுவே பிடித்துப் பார்க்கிறான். எழுந்து நிற்கிறான். அவள் மேசைத்துணியை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறாள். அவன் அவள் பக்கம் திரும்பிவிட்டதால் நமக்கு அவன் முதுகு மட்டும்தான் தெரிகிறது. அதற்கு மேல் சுருள் ஒரே கட்டியாக ஒட்டிவிட்டது.

நோட்டில் இந்த இடத்துக்கு ஒரே வரி: "இங்கே நான் ஒன்றும் பேச வேண்டியதில்லை. ஜனங்கள் தாங்களே சிரித்துக்கொள்வார்கள்." அவன் என்ன செய்தான் என்று எழுதவில்லை. கொட்டகையில் எல்லாரும் கண்ணால் பார்த்தார்கள். எழுதி வைக்க அவசியம் இருந்திருக்காது.

கீழே குழந்தை அழும் சத்தம் கேட்டது. பெட்டிக் கதவைச் சாத்தினேன். பெட்டி மறுபடி உறுமத் தொடங்கியதும் அழுகை நின்றது.

மே 17

42.2. நாளை முதல் விடைத்தாள் திருத்தும் முகாம். காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை. மூன்றாவதை ஞாயிறு கட்டாயம் தண்ணீரில் போட்டுவிட வேண்டும்.

மே 19

இன்று ஞாயிறு. முகாமுக்கு விடுமுறை இல்லை என்று காலையில்தான் தெரிந்தது. போனேன். ஒரு மணிக்கே விட்டுவிட்டார்கள். ஒன்றரைக்கு வீட்டுக்கு வந்தேன்.

சாமான் அறையில் பெட்டி திறந்து கிடந்தது. காலியாக இருந்தது. தரையில் தண்ணீர்.

அவர் கூடத்திலிருந்தே சொன்னார்: "பிரிட்ஜ் நின்னுபோச்சு நாயகி. காத்தால பத்து மணிக்கே உசுரில்ல. உன் டப்பாவெல்லாம் ஒரே ஈரம். துருப்பிடிச்சுருமேன்னு மாடியில காயப்போட்டிருக்கறேன். ஒண்ணுல என்னமோ கெட்டுப்போன வாசம். அந்த மூடியை மட்டும் அழுத்தி மூடி வெச்சேன்."

எப்படி மாடிக்குப் போனேன் என்று நினைவில்லை. மிளகாய்த் துணியின் ஓரத்தில் ஏழு டப்பாக்களும் ஒழுங்காக வரிசையில் இருந்தன. ஒவ்வொன்றையும் துடைத்து வைத்திருந்தார். மூன்றாவதின் மூடி இடுக்கில் பழுப்பு நிறத்தில் புகை, நூல் கனத்துக்கு, வந்துகொண்டிருந்தது.

அவர் பின்னாலேயே ஏறி வந்திருந்தார். திரும்பி அவரைப் பார்த்துச் சொன்னேன். தயார் செய்த வாக்கியங்கள் எதுவும் வரவில்லை.

"இது சினிமா பிலிம். தீப்பிடிக்கும். பிடிச்சா அணைக்க முடியாது. தண்ணி வேணும்."

அவர் மாடிக் குழாயைத் திறந்தார். கத்திரியில் அந்தத் தண்ணீர் காபிபோலச் சுடும்.

"இது வேண்டாமுங்க. கெணத்துத் தண்ணி."

அவர் தன் காலடித் தரையைப் பார்த்தார். "கீழ புள்ள தூங்குது," என்றார். இறங்கிப் போனார். ஷமீமாவின் கதவைத் தட்டும் சத்தமும், அவள் "என்னங்கண்ணா" என்பதும் கேட்டது. பிறகு அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போக, கேட் திறந்தது.

மூன்றாவதை நான் ஈரச் சாக்கைச் சுற்றிப் பிடித்தேன். மூடி சாக்கைத் தாண்டிச் சுட்டது. அவர் இரண்டு வாளியோடு ஏறிவந்தார். ஒரு வாளியில் மூன்றாவதை அப்படியே அமிழ்த்தினேன். தண்ணீர் பொங்கியது, சிறு சத்தம், மணம் குப்பென்று வந்து கண்ணில் நீர் வடிந்தது. பிறகு அடங்கியது. முழங்கால் வலியோடு அவர் ஏழெட்டு முறை ஏறி இறங்கினார். ஏழு டப்பாக்களையும் பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் மூழ்கடித்து மாடிப்படி நிழலில் வைத்தோம். ஒன்றையும் காப்பாற்ற நான் முயலவில்லை.

மாடிச்சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். சட்டை முழுக்க நனைந்திருந்தது.

"எத்தன நாளா?"

"பதினேழு."

"ஏன் சொல்லல?"

நான் ஈரச் சாக்கைப் பிழிந்து சுவரில் போட்டேன். அவர் திரும்பக் கேட்கவில்லை.

"ஷமீமாகிட்ட சிலிண்டர் லீக்குன்னு சொல்லிட்டேன்," என்றார். "நம்பிட்டா. அதோட விட்ரு. வெளிய தெரிஞ்சா அசிங்கம். நீ யாருகிட்டயும் வாயத் தொறக்காதே, நானும் இதப் பத்திப் பேசப்போறதில்ல. நாளைக்கு பிரிட்ஜ ரிப்பேருக்குக் குடுத்துட்டு மாம்பழத்தை வெப்போம்."

மாலை அவரே தோசை சுட்டார். ஆலையில் ஒருமுறை பஞ்சு பற்றிக்கொண்ட கதையைச் சொன்னார். ஒரு வருடத்தில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. நிம்மதியாக இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

மே 20

காலையில் அவர் "இன்னொரு டம்ளர் காபி குடிக்கிறயா?" என்று கேட்டார். குடித்தேன்.

ஒன்பது மணிக்கு அருளானந்தம் சார் ஆட்களோடு வந்து டிரம்மை எடுத்துப்போனார். தீயணைப்பு நிலையத்தில் கேட்டு, ஊருக்கு வெளியே அவர்கள் முன்னிலையில் அழிக்கப்போவதாகச் சொன்னார். முகாமுக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, பத்து மணிக்குக் கீழே போனேன். ஷமீமா அடுப்பில் பருப்பு வைத்திருந்தாள்.

"வாங்கக்கா. கேஸ்காரன் வந்து பாத்தானா?"

"சிலிண்டர் லீக் இல்ல ஷமீமா," என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். என்ன பொருள், எத்தனை நாள், எந்த இடத்தில். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அப்ப, அன்னைக்குத் தூளிய மாத்தச் சொன்னது அதுக்கா?"

"ஆமா."

"அன்னைக்கே சொல்லியிருந்தா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிருப்பனே."

"அவர்கிட்டச் சொல்லல. உன்கிட்டச் சொன்னா அவருக்குத் தெரிஞ்சிரும்."

"தெரிஞ்சா என்னங்க்கா? அண்ணன் அடிப்பாரா?"

"இல்ல. பேசமாட்டாரு."

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பருப்பு பொங்கி அடுப்பில் வழிந்தது.

"பேசமாட்டாரு," என்றாள். "அவ்வளவுதானாக்கா?"

நான் ஆமாம் என்றேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு, பவானியில் இருக்கும் தன் தம்பிக்குப் போன் செய்தாள். பன்னிரண்டு மணிக்கு ஆட்டோ வந்தது. இரண்டு பை, குழந்தை. பையைத் தூக்கப் போனேன். "வேண்டாங்க டீச்சர்," என்றாள். அக்கா என்று சொல்லவில்லை.

அவர் மாடிச்சுவரில் கைவைத்து ஆட்டோ போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மதியம் நான் பரிமாறியபோது தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார். குழம்பு வேண்டுமா என்றேன். எழுந்து கை கழுவிக்கொண்டார். மூன்று மணிக்குப் படுத்தார், ஐந்து மணிக்கு எழுந்து மிளகாயை அள்ளினார்.

காபிக்குப் பிறகு அவர் என்னிடம் பேசவே இல்லை என்பது ஆறு மணிக்குத்தான் எனக்கு உறைத்தது. அதற்குள் ஷமீமாவுக்கு மூன்று முறை போன் செய்திருந்தேன். எடுக்கவில்லை.